மலையேறும் லேப்டாப்

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் ஒரு லேப்டாப்புக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று பில்லில் அச்சாகியிருக்கும். மற்றது பழுதாகும் நாளில்தான் தெரியவரும். மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, “இத சேலத்துக்கு அனுப்பணும் தம்பி, பத்து நாள் கழிச்சு வாங்க” என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்பி, இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி இறங்கி வரும் செலவு அது. கல்லூரி சேர்க்கைக் காலத்தில் கடை வாசலில் கட்டும் தட்டிகள் முதல் விலையை மட்டுமே பேசும். மலைக்காரர் குறைக்க வேண்டியது இரண்டாவது விலையை.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பிறகு சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சேர்ந்தன. மேலே கல்வராயன் மலையின் கதை வேறு. மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்த அந்த ஊர்கள் 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தன. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டுக்கொள்ள வீட்டில் ஒரு மாமாவோ அக்காவோ இருக்க மாட்டார்கள். கடைக்காரரைத்தான் கேட்டாக வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை, தன்னிடம் இருக்கும் சரக்கைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார்.

வாங்குவதற்கு முன் ஒரு விசாரணை

அரசு கொடுக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் பிளஸ் டூ, பாலிடெக்னிக், கல்லூரி மாணவர் கைக்குப் போயின. பிறகு திட்டம் நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் விநியோகம் தொடங்கியது. இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ்.

அந்த விவரப் பட்டியல் லேப்டாப் கிடைக்காதவருக்கும் உதவும். முதல் கட்டத்துக்கான 2,000 கோடியை, இருபது லட்சத்தில் பாதியான பத்து லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 20,000 ரூபாய். லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் அரசுக்கே ஒரு உருப்படியான லேப்டாப் ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் படிகிறது. ஆகவே ஒற்றை லேப்டாப் வாங்க வருபவரிடம் “புதுசு, 18,000-தான்” என்று யாராவது சொன்னால், எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். எதைக் குறைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் வேலை.

அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கல்லூரி அலுவலகத்தில் பட்டியல் நிலவரத்தைக் கேட்காமல் கடன் வாங்கக் கூடாது. சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டால் குழப்பம் இருக்காது. யாராக இருந்தாலும் கல்லூரி திறந்ததுமே லேப்டாப் வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. பி.ஏ., பி.காம். முதல் செமஸ்டரைக் கைபேசியும் கல்லூரி ஆய்வகமும் தாங்கும். பி.சி.ஏ. மாணவருக்கும் முதல் இரண்டு மாதம் ஆய்வகம் போதும். அதற்குள் என்ன மென்பொருள் தேவைப்படும் என்பது ஆசிரியர்களிடமிருந்தும் சீனியர்களிடமிருந்தும் தெரிந்துவிடும்.

காத்திருப்பதில் பணக் கணக்கும் இருக்கிறது. மரவள்ளி போட்ட குடும்பத்துக்குக் கிழங்குக் காசு கைக்கு வரும் மாதம் வேறு, கல்லூரி திறக்கும் மாதம் வேறு. ஜூன், ஜூலையில் சேர்க்கைக் கட்டணம், விடுதி, துணிமணி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பும் வாங்கினால் அது அடகுக்கடையில்தான் போய் முடியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவருக்கு ஆண்டுக்கு 12,000 ஆகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் போக அதில் பாதி மிஞ்சினாலே பெரிது. அந்தப் பாதியோடு அறுவடைக் காசு சேரும்வரை பொறுத்தால், முழுவதும் கடனில் வாங்க வேண்டியிருக்காது.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றி ஒரு சொல். வட்டியே இல்லாமல் யாரும் கடன் தருவதில்லை, அதைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ தள்ளுபடியிலிருந்து கட்டுகிறார். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தொகையோடு தவணைக்கான பிராசசிங் கட்டணத்தையும் கூட்டுங்கள். நீங்கள் கட்டும் வட்டி அதுதான்.

எதில் கை வைத்திருக்கிறார்கள்?

மலிவு லேப்டாப்பில் முதலில் கை வைப்பது சேமிப்பகத்தில். 64 ஜிபி ‘இஎம்எம்சி’ என்று போட்டிருந்தால் அது கைபேசியில் வரும் வகைச் சில்லு, மதர்போர்டோடு ஒட்டியே இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. ஆறு மாத அப்டேட்டில் நிரம்பிவிடும், மாற்றவும் முடியாது. 2023 ஜூலையில் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும்தான். உள்ளே ஓடுவது விண்டோஸும் அல்ல. பாடக் காணொளி பார்க்கவும் கட்டுரை தட்டவும் சரி, டேலி கற்கும் பி.காம். மாணவிக்கு உதவாது, ஏனென்றால் டேலி விண்டோஸில் ஓடும் மென்பொருள்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் வேறொரு காரணத்தால் மலைக்கு ஆகாது. பரிகம் தாண்டி வளைந்தேறும் பஸ்ஸில், பையில் ஸ்லீப் நிலையில் இருக்கும் லேப்டாப் தற்செயலாக விழித்துக்கொண்டால், சுழலும் தட்டுக்கு ஒவ்வொரு குழியும் ஓர் அடி. 2024-ல் மலை மக்களின் நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்த பிறகு சாலைகள் பற்றிய பேச்சு கூடியிருப்பது நல்லதுதான். சாலை சீராகும் வரை எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள். 256 ஜிபி போதும், 512 கிடைத்தால் நல்லது.

ரேமில் 8 ஜிபிக்குக் கீழே இறங்கவே கூடாது. 4 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸ் 11-ம் ஒரு பிரௌசரும் திறந்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபியை விடப் பெரிய கேள்வி, அந்த ரேம் போர்டோடு பற்றவைத்ததா, கழற்றி மாட்டக் கூடியதா என்பது. இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் நேரத்தில் ஒரு ரேம் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே சில்லுகளைத் திருப்பிவிட்டன பெரிய நிறுவனங்கள். ‘குரூஷியல்’ என்ற பெயரில் சில்லறைக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் 16 ஜிபிக்கு இன்றே காசைக் கொட்டுவதைவிட, 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும் உள்ளதை எடுப்பது ஏழை வீட்டுக்கு நல்லது.

பிராசசர் விஷயத்தில் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் கடைத் தட்டில் அண்ணன் தம்பிபோல் பக்கத்தில் இருக்கும். நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பார்க்க வேண்டும். முதலாவதில் அது 2, உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, அதற்குரிய ரேமும் போர்டோடு பற்றவைத்தே வரும். இரண்டாவதில் 3, அது ஜென் 3, ஒரு தலைமுறை புதியது. ஒரே ஓர் எண் வித்தியாசம். இன்டெலிலும் இதே கதை. ஐ3-1215யு என்றால் பெரிய கோர் இரண்டும் சிறிய கோர் நான்கும் சேர்ந்த ஆறு. பட்ஜெட் லேப்டாப்புக்கு அது தாராளம். ஐ3-என்305 என்று ‘என்’ சேர்ந்து வந்தால் எட்டுமே சிறிய கோர்கள். பிழையில்லை, விலை குறைந்தால் மட்டும் எடுக்கலாம். செலரான் என்ற பெயரைப் பார்த்தால் அடுத்த மேசைக்கு நகருங்கள்.

எல்லோருக்கும் ஒரே லேப்டாப் பொருந்தாது என்றாலும், இந்த விஷயத்தில் பயமுறுத்தல்தான் அதிகம். தமிழ், வரலாறு, பொருளியல் படிப்பவருக்கு மேலே சொன்னதில் ஆகக் குறைந்ததே போதும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, தனி மென்பொருள் வாங்க வேண்டாம். பி.காம். மாணவருக்கு டேலியின் கல்விப் பதிப்பு இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும், பழக அது போதும். மருத்துவ மாணவர் தடித்த புத்தகங்களின் பிடிஎஃப்களோடு குடும்பம் நடத்துபவர், அவருக்குக் கண்ணுக்கு இதமான திரை முக்கியம், வேகமான பிராசசர் அல்ல. பி.சி.ஏ., கணினி அறிவியல்காரருக்குப் பைதான், ஜாவா, மைஎஸ்கியூஎல் எல்லாம் 8 ஜிபியில் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மட்டும் குறைந்தது 8 கேட்கும், 16 இருந்தால் சந்தோஷப்படும். “அண்ணே, இதுல ஆட்டோகேட் ஓடுமா?” என்று கேட்கும் பொறியியல் மாணவருக்கு மட்டும்தான் 16 ஜிபி பற்றிய கவலை நியாயமானது. முதலாண்டு டிராயிங் 8 ஜிபியில் ஓடும், முப்பரிமாண மாடல்கள் பின்னால் வரும். கேமிங் லேப்டாப் படிப்புக்காக என்று எந்த மாணவர் சொன்னாலும் பெற்றோர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

பழையதில் நல்லது

என் கையில் 20,000 ரூபாய்தான் இருந்தால் புதியதை வாங்க மாட்டேன். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் அலுவலக லேப்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து, அங்கிருந்து மாவட்டத் தலைநகரங்களுக்குப் பரவுகின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிடியூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்றவை அந்த ரகம். உறுதியான கீல், நல்ல விசைப்பலகை, கழற்றி மாட்டும் ரேம், உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. அட்டை உடம்புள்ள புது செலரானைவிட இவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். மலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. நான்கு ஸ்க்ரூ கழற்றத் தெரிந்த எந்தக் கைபேசிக் கடைக்காரரும் இவற்றில் எஸ்எஸ்டி மாற்றிவிடுவார், சேலத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, இன்டெலைப் பொறுத்தவரை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்களை உலகமே கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. அவை “ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி, 12,000 ரூபாய்” என்ற அலங்காரத்தோடு சந்தைக்கு வருகின்றன. எல்லாமே உண்மைதான். சொல்லாமல் விட்டது தலைமுறையை. பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பல் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும். ஐ5-6300யு என்றால் கோட்டுக்கு அடுத்த 6 ஆறாம் தலைமுறை. ஐ5-8350யு என்றால் எட்டு. ஆறு என்றால் லினக்ஸ் போட்டுப் பழக ஆள் இருந்தால் மட்டும், இன்னும் விலை குறைத்து எடுக்கலாம்.

பேட்டரியைப் பார்க்காமல் பழையதை வாங்கவே கூடாது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு வரி கட்டளை போதும், கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போய்விட்டுத் திரும்பும் ஊரில் பேட்டரிதான் யூபிஎஸ். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். சார்ஜரை மாட்டிவிட்டு ஒயரை ஆட்டிப் பாருங்கள். இரண்டு கீல்களையும் திறந்து மூடுங்கள். கையெழுத்தோடு பில், அதில் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம், அதன்மேல் லேப்டாப்பின் சீரியல் எண். இது இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். பழைய இலவச லேப்டாப்கள் சிலவும் இந்தச் சந்தையில் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரும். விற்கக் கூடாத பொருள் அது, எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

வாரன்டி என்பது ஊர்ப் பெயர்

புதியது வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கலாம். பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? ‘ஆன்சைட்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. அந்தந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு, உங்கள் ஊரின் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். கரியாலூருக்கோ இன்னாட்டுக்கோ வர மாட்டோம் என்றால், கள்ளக்குறிச்சி நகரப் பின்கோடைச் சொல்லிப் பாருங்கள். விடுதி முகவரிக்கு வருவார்கள் என்றால் அதுவே போதும், பிள்ளையும் லேப்டாப்பும் வாரநாளில் அங்கேதானே இருக்கும். ஒரு பிராண்டு 2,000 ரூபாய் கூடுதலாக இருந்து, அதன் சர்வீஸ் சென்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், நான் அந்த 2,000-ஐக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் தன் பெயரில் விற்கும் ‘எக்ஸ்டெண்டட் வாரன்டி’ வேறு, தயாரிப்பாளர் நேரடியாகத் தருவது வேறு. முன்னது அந்தக் கடை இருக்கும் வரைதான்.

பதினான்கு அங்குலமா, 15.6 அங்குலமா என்றால், ஞாயிறு மாலை மலையிறங்கி வெள்ளி மாலை ஏறும் விடுதி மாணவருக்குப் பதினான்குதான். டைப்-சியில் சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள். ஏறினால், சார்ஜர் ஒருநாள் தொலைந்தாலும் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மலை வீடுகளில் வேறொரு சங்கதி உண்டு. எர்த் சரியாக இல்லாத பிளக்கில் சார்ஜரை மாட்டினால், உலோக உடம்புள்ள லேப்டாப்பில் கை வைக்கும்போது சுருக்கென்று கடிக்கும். லேப்டாப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சார்ஜர் தாங்கும், 100 முதல் 240 வரை அதற்குச் சம்மதம்தான். இடி மின்னலைத் தாங்காது. ஐப்பசியில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் இடம்

புது லேப்டாப்பைப் பெட்டியோடு மலைக்குக் கொண்டுபோய், வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சாமி படத்தின் முன் வைத்துப் பிரிக்க ஆசையாகத்தான் இருக்கும். அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 11 ஹோம் முதன்முறை திறக்கும்போதே இணையம் கேட்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், கிடைக்காவிட்டால் அந்தத் திரையைத் தாண்டாது. சிக்னல் ஒரு புள்ளியும் வராத ஊரில் புது லேப்டாப் வெறும் கண்ணாடியாக உட்கார்ந்திருக்கும். ஆகவே கள்ளக்குறிச்சியில், கடையிலேயே, அவர்களுடைய வைஃபையில் திறந்து எல்லாவற்றையும் முடியுங்கள். முதல் அப்டேட் ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். அதுவரை மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தக் கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் மாணவருடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைப்பையன் தன் மின்னஞ்சலைத் தட்டிவிட்டால், கூடவே வரும் ஆபீஸ் மென்பொருளும் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் லேப்டாப்பை ஃபார்மட் செய்யும்போது யாரிடம் போய் பாஸ்வேர்டு கேட்பது? கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். கணினி நிபுணர்கள் கடிந்துகொள்வார்கள், கடியட்டும். டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் அந்த நோட்டை எந்தத் திருடனும் இணையத்தின் வழியாக எடுக்க முடியாது.

பிறகு செட்டிங்ஸுக்குள் போய், கைபேசி ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒரு நாளைக்கான டேட்டாவைக் காலைக்குள் குடித்துவிடும், ஆன்லைன் வகுப்புக்கு மிச்சமிருக்காது. என்பிடெல் பாடக் காணொளிகளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். விடுதியிலோ கல்லூரியிலோ வைஃபை கிடைக்கும் வாரநாளில் இறக்கி வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு மேலே பார்க்கலாம். எழுதும் வேலைக்கு இணையமே கேட்காத லிப்ரே ஆபீஸையும் அன்றே போட்டுவிடுங்கள், அது இலவசம்.

கடையை விட்டு எழுந்திருக்கும் முன், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தட்டி வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். பில் தேதியும் அதுவும் பொருந்தாவிட்டால் அப்போதே சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். வெயில் பட்டால் பில்லின் தாளில் எழுத்து மறைந்துவிடும், கைபேசியில் ஒரு படம் எடுத்து அதே மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.